அண்ணலும் அருமருந்தும்

திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உண்ணும் முறையையும் அளவையும் பற்றியே பேசுகின்றன. எஞ்சியவை, நோய் தோன்றும் வகையையும், மருத்துவன் நோயின் காரணத்தை ஆராய்ந்து செயற்படவேண்டிய முறையையும் எடுத்துரைக்கின்றன. உண்பவனுக்கு அளவறிதல், மருத்துவனுக்குக் காரணமறிதல் என்னும் இரண்டு கடமைகளை அருகருகே வைத்தவர் வள்ளுவர். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகும் என்று அவர் யாண்டும் கூறவில்லை.

இவ்விரு கடமைகளுக்கும் இடையில் தம் வாழ்நாள் முழுவதும் நடந்து பார்த்த பெருமகன் ஒருவர் உண்டு. அவரே அண்ணல் காந்தியடிகள். அரசியல் விடுதலைக்காக அவர் நடத்திய போராட்டங்களை நாடு நன்கறியும். மலச்சிக்கல், தலைவலி, சீதபேதி, இரத்த அழுத்தம் என ஒன்றன்பின் ஒன்றாகத் தம் உடலைப் பற்றிய நோய்களோடு, மண்ணையும் நீரையும் பழத்தையும் பச்சிலையையும் துணைக்கொண்டு அவர் நடத்திய நெடும்போராட்டம் அந்த அளவிற்கு அறியப்படவில்லை. அறிந்தோரும் அதன் ஒரு பாதியையே அறிவர். மருத்துவரை வெறுத்தவர் என்று சிலரும், இயற்கை மருத்துவத்தால் எல்லா நோயையும் வென்றவர் என்று சிலரும் கூறுவர். இரண்டும் முழு உண்மை அல்ல.

அன்னைக்கு அளித்த வாக்கு

1869 அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், 1888இல் சட்டம் பயில இலண்டனுக்குப் புறப்பட்டார். அன்னை புத்லிபாய் மகனைக் கடல்கடந்து அனுப்ப அஞ்சினார். சமணத் துறவி பேச்சர்ஜி சுவாமியின் முன்னிலையில் மது, மங்கை, புலால் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் உறுதியளித்த பின்னரே அன்னை இசைந்தார். அந்த வாக்கே அவரை இலண்டன் தெருக்களில் பசியோடு அலையச் செய்தது. ஒருநாள் பாரிங்டன் தெருவில் மரக்கறி உணவுவிடுதி ஒன்றைக் கண்டார். ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய சிறுநூலை அங்கேயே விலைக்கு வாங்கினார். அதுவரை அன்னைக்காகக் காத்த நோன்பு, அதுமுதல் தம் அறிவு ஏற்றுக்கொண்ட கொள்கையாயிற்று.

மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்ற அம்மாணவர், ஊரிலிருந்து தருவித்த இனிப்பையும் மசாலைப் பொருள்களையும் கைவிட்டார். முன்பு சுவையற்றதாகத் தோன்றிய, வெறும் நீரில் வெந்த கீரை இப்போது இனித்தது. சுவையின் இருப்பிடம் நாவன்று, மனமே என்னும் முடிவுக்கு அவர் வந்தது அப்போதுதான். பின்னாளைய உணவு ஆய்வுகள் அனைத்திற்கும் இதுவே அடிப்படையாயிற்று எனலாம்.

மண்ணும் நீரும்

தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக வளம்பெற்ற காலத்தில் நாட்பட்ட நோய் அவரைத் தேடி வந்தது. ஜோகன்னஸ்பர்க்கில் மூன்று வேளையும் வயிறார உண்டு, இடையிடையே தேநீரும் அருந்திய அவருக்கு மலச்சிக்கலும் தலைவலியும் ஓயாத தொல்லையாயின. மலமிளக்கிகள் அன்றன்றைக்குப் பயன்தந்தனவேயன்றி நோயைத் தீர்க்கவில்லை. மான்செஸ்டரில் காலையுணவைக் கைவிடுவோர் சங்கம் ஒன்று தொடங்கப்பட்ட செய்தியைப் படித்தார். ஆங்கிலேயர் அளவுக்கு மீறி உண்கின்றனர் என்பது அச்சங்கத்தாரின் வாதம். தமக்கும் அது பொருந்தும் என்று கண்டு காலையுணவை நிறுத்தினார். சில நாள் வருந்தினாலும் தலைவலி அறவே நீங்கிற்று.

மலச்சிக்கல் மட்டும் நீங்கவில்லை. ஜெர்மானியரான லூயி கூனே வகுத்த இடுப்புக் குளியல் ஓரளவு உதவிற்று. அடால்ப் யூஸ்ட் என்னும் மற்றொரு ஜெர்மானியர், இயற்கைக்குத் திரும்புமாறு வலியுறுத்தி எழுதிய நூலைப் படித்த பின்னர் மண்பற்றைக் கையாண்டார். தூய மண்ணைக் குளிர்ந்த நீரில் குழைத்து, மெல்லிய துணியில் பரப்பி, இரவு படுக்கும்போது அடிவயிற்றில் கட்டிக்கொள்ளும் எளிய முறை அது. பல்லாண்டுத் தொல்லை அதனால் தணிந்தது. அதுமுதல் மண்பற்றும் நீர்ச்சிகிச்சையும் அவர் குடும்பத்தின் கைமருந்தாயின.

1902ஆம் ஆண்டில் குடும்பம் பம்பாயில் தங்கியிருந்தபோது, பத்து வயதை எட்டிக்கொண்டிருந்த இரண்டாம் மகன் மணிலால் டைபாய்டும் நுரையீரல் அழற்சியும் ஒருங்கே தாக்கப் படுத்தான். பார்த்துவந்த பார்சி மருத்துவர், மருந்து அதிகம் பயன்படாது என்றும், முட்டையும் கோழிச்சாறும் தரவேண்டும் என்றும் கூறினார். தந்தை இசையவில்லை. மகனிடமே நிலையை எடுத்துரைத்து அவன் ஒப்புதலையும் பெற்றார். இடுப்புக் குளியல் செய்வித்தார். நீர் கலந்த ஆரஞ்சுச் சாற்றை மட்டும் மூன்று நாள் கொடுத்தார். காய்ச்சல் 104 பாகையிலேயே நின்றது. இரவில் பிள்ளை பிதற்றினான். மகனின் உயிரைக் கொண்டு சோதனை செய்ய ஒரு தந்தைக்கு உரிமை உண்டா என்னும் கேள்வி அவரை வாட்டிற்று. ஈரத்துணியால் உடலைச் சுற்றிக் கம்பளி போர்த்தி, மகனைத் தாயின் பொறுப்பில் விட்டுவிட்டுச் சௌபாத்திக் கடற்கரையை நோக்கி நடந்தார். வாயில் இராமநாமம், நெஞ்சில் அச்சம். திரும்பிவந்தபோது பிள்ளையின் உடல் வியர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கிற்று. பின்னர் நாற்பது நாள் நீர் கலந்த பாலும் பழச்சாறுமே அவனுக்கு உணவு.

பின்னாளில் தம் வரலாற்றை எழுதியபோது, இந்த வெற்றியை அவர் நீர்ச்சிகிச்சையின் கணக்கில் மட்டும் எழுதிவிடவில்லை. இறையருளா, நீரா, உணவுக் கட்டுப்பாடா, பேணிப் பார்த்ததா, எது காத்தது என்று எவரால் கூறமுடியும் என்று ஐயத்தைத் திறந்தே வைத்தார். தம் கொள்கைக்குச் சாதகமாக வந்த முடிவையும் ஐயுற்று நோக்கிய நேர்மை, அவரைப் பிற இயற்கை மருத்துவ ஆர்வலரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுகிறது.

கஸ்தூரிபாவின் உப்பு

தென்னாப்பிரிக்கப் போராட்டக் காலத்தில் கஸ்தூரிபா அம்மையாருக்கு இரத்தப்போக்கு நோய் கண்டது. தர்பனில் மயக்கமருந்தின்றி அறுவை செய்யப்பட்டது. மெலிந்த அவ்வுடல் வலியைத் தாங்கிற்று. சில நாட்களில் நிலைமை மோசமாகவே, மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க இசைவு கேட்டு மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். காந்தியடிகள் விரைந்து சென்றார். அம்மையாரோ அச்சாறு வேண்டாம் என்று உறுதியாக மறுத்துவிட்டார். மருத்துவரின் எச்சரிக்கையையும் மீறி, மழைத்தூறலில், எழுந்து நிற்கவும் வலிவற்ற மனைவியைப் பீனிக்ஸ் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார் கணவர். நீர்ச்சிகிச்சையில் அம்மையார் மெல்லத் தேறினார்.

இரத்தப்போக்கு மீண்டும் தலைகாட்டிற்று. உப்பையும் பருப்பையும் விட்டுவிடுமாறு கணவர் வேண்டினார். அவற்றை விடச் சொன்னால் உங்களாலும் முடியாது என்ற பொருளில் அம்மையார் மறுமொழி கூறினார். அக்கணமே ஓராண்டுக்கு உப்பையும் பருப்பையும் துறப்பதாக அவர் உறுதி பூண்டார். அம்மையார் பதறினார், சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுமாறு மன்றாடினார், கண்ணீர் விட்டார். கணவர் அசையவில்லை. அம்மையாரும் அவ்விரண்டையும் விட்டார். இரத்தப்போக்கு முற்றிலும் நின்றது. இங்கும், உப்பு நீங்கியதாலா, மற்ற உணவு மாற்றங்களாலா, மனநிறைவாலா, எதனால் நோய் தீர்ந்தது என்று தம்மால் உறுதிகூற இயலாதென்றே அவர் எழுதினார்.

பத்தியம் என்பது நோயாளி ஒருவர் மட்டும் தனித்து உண்ணும் தண்டனை உணவாக இருத்தல் கூடாது, உடனிருப்போரும் பகிர்ந்துகொள்ளவேண்டிய நோன்பு அது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. அதே வேளையில், கணவரின் உறுதி மனைவிக்கு மறுக்கவியலாத கட்டாயமாகவும் அமைந்தது என்பதை மறைத்தற்கில்லை. அம்மையார் விட்ட கண்ணீரில் அன்பும் இருந்தது; வேறு வழியின்மையும் இருந்தது.

பாலும் நோன்பும்

1912இல் டால்ஸ்டாய் பண்ணையில், நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து காந்தியடிகள் பாலை விட்டார். பால் புலனுணர்வைத் தூண்டும் என்னும் எண்ணத்தோடு, கல்கத்தாவில் கறவை மாடுகள் படும் கொடுமைகளைப் படித்தறிந்ததும் அதற்குக் காரணம். 1914இல் இலண்டனில் நுரையீரல் உறை அழற்சியால் வருந்தியபோது, மருத்துவர் ஜீவராஜ் மேத்தாவும், தாம் ஆசானாகப் போற்றிய கோகலேயும் வற்புறுத்தியும் பாலைத் தொடவில்லை. வேர்க்கடலையும் பழமுமே முதன்மையான உணவாயின.

நான்காண்டுகளுக்குப் பின் அந்நோன்பு கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 1918இல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து உழைத்த அவரைச் சீதபேதி பற்றிற்று. விழாநாளில் கஸ்தூரிபா அம்மையார் ஆக்கிவைத்த இனிப்புக் கஞ்சியை ஆசையால் மிகுதியாக உண்டதே தொடக்கம் என்று அவரே ஒப்புக்கொண்டுள்ளார். மருந்தை மறுத்தார், ஊசியை மறுத்தார். உடல் எலும்புக்கூடாயிற்று. இறப்பு அண்மிவிட்டதென எண்ணி ஆசிரமத்தாருக்கு இறுதி மொழியும் கூறினார். பம்பாய் மருத்துவர் தலால், பால் உண்ணாமல் உடல் தேறாது என்று கண்டிப்பாகக் கூறினார். பசு, எருமை இரண்டின் பாலையும் விலக்குவதாகவே நோன்பு பூண்டேன் என்று நோயாளி மறுத்தார். அருகில் நின்ற அம்மையார், அப்படியானால் ஆட்டுப்பால் அருந்தத் தடையில்லையே என்று எடுத்துக் கொடுத்தார்.

வாழவேண்டும், உழைக்கவேண்டும் என்னும் ஆவல் வென்றது. 1919இல் ஆட்டுப்பால் அவர் உணவில் இடம்பெற்றது. மருத்துவர் தலாலே மூலநோய்க்கான அறுவையையும் செய்தார். நோன்பின் சொல்லைக் காத்தேன், பொருளைக் காக்கவில்லை என்னும் வருத்தம் அவரை விட்டு நீங்கவேயில்லை. எனினும், உடல் தந்த சான்றை அவர் மூடிமறைக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து எழுதிய நலநூலிலும், பாலுக்கு ஈடான தாவர உணவைத் தாம் தேடியும் காணவில்லை என்றே பதிவு செய்தார்.

சிறையிலிருந்து அறுவை அரங்கிற்கு

1909இல் எழுதிய இந்திய சுயராஜ்யம் என்னும் நூலில் மருத்துவத் தொழிலையும் மருத்துவமனைகளையும் அவர் கடுமையாகச் சாடியிருந்தார். மருத்துவர் நோயைத் தீர்த்துவிடுவதால் மக்கள் மீண்டும் மிகையுண்டியில் ஈடுபடுகின்றனர் என்பது அன்றைய வாதம். 1924 ஜனவரி 12ஆம் நாள் இரவு அந்நூலின் ஆசிரியரையே அறுவை மேசையில் கிடத்திற்று. எரவாடாச் சிறையில் இருந்தவருக்குக் குடல்வால் அழற்சி முற்றிவிட, பூனாவின் சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தமிழரான சீனிவாச சாஸ்திரியார் அழைக்கப்பெற்று உடனிருந்தார். அறுவைக்குத் தாம் மனமுவந்து இசைவதாகக் காந்தியடிகள் சொல்ல, சாஸ்திரியார் எழுதிக்கொண்டார். கர்னல் மேடக் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அறுவை செய்தார். இடையில் மின்விளக்கு அணைந்து, அரிக்கேன் விளக்கொளியில் வேலை முடிந்தது.

ஆங்கில அரசை எதிர்த்துச் சிறைசென்றவரின் உயிரை ஆங்கில மருத்துவரின் கை காத்தது. மண்பற்றோ இடுப்புக் குளியலோ தீர்க்கக்கூடிய நோயன்று அது. அதனை உணர்ந்தே அவர் இசைந்தார். மேடக்கிடம் நன்றி பாராட்டினார். தம் கொள்கையிலிருந்து தாம் சறுக்கிவிட்டதாகவும் பின்னர் ஒளிவின்றி ஒப்பினார்.

செட்டிநாட்டில் அண்ணல்

1927 மார்ச்சு இறுதியில் கதர்ப்பணிச் சுற்றுப்பயணத்தின்போது இரத்த அழுத்தம் மிகுந்து அவர் தளர்ந்து வீழ்ந்தார். ஏப்ரலில் மைசூர் நாட்டின் நந்தி மலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். குளிர்காற்று, ஓய்வு, அளவான உணவு, சிறிது சிறிதாகக் கூட்டப்பெற்ற நடை ஆகியனவே அங்கு மருந்தாயின. ஏறத்தாழ ஒன்றரை மாதத்திற்குப் பின் பெங்களூருக்கு இறங்கி, மெல்லப் பயணத்தைத் தொடர்ந்தார்.

அந்தத் தேறிய உடலோடுதான் அவ்வாண்டுச் செப்டம்பர்ப் பிற்பகுதியில் அண்ணல் செட்டிநாட்டு மண்ணை மிதித்தார். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை, காரைக்குடி, அமராவதிபுதூர், சிராவயல், பாகனேரி என ஊர்தோறும் கூட்டங்கள் நிகழ்ந்தன. கதர் நிதி குவிந்தது. சிராவயலில் ஆசிரமம் நடத்திவந்த இளைஞர் ஜீவானந்தத்தை அண்ணல் கண்டு அளவளாவியது இப்பயணத்தில்தான்.

நகரத்தார் மாளிகைகளைக் கண்ட அண்ணல் பாராட்டோடு நின்றுவிடவில்லை. அயல்நாட்டு மேசை நாற்காலிகளும் அலங்காரப் பொருள்களும் அடைந்துகிடக்க, மூச்சுவிடவும் இடமின்றி அறைகள் திணறுவதைக் கூட்டத்தில் வெளிப்படையாகவே சுட்டினார். இம்மாளிகைகளை அணிசெய்யும் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைத்தால், பத்தில் ஒரு பங்குச் செலவில், இன்னும் மிகுதியான இடமும் வசதியும் தூய காற்றும் கிடைக்குமாறு செய்துதருவதாக நகைச்சுவையோடு கூறினார். ஆறு மாதங்களுக்கு முன் தளர்ந்து வீழ்ந்து, மலைக்காற்றால் தேறிவந்த ஒருவரின் சொல் அது என்பதை நினைவிற்கொண்டால், அந்த நகைச்சுவையின் அடியில் உள்ள மருத்துவம் விளங்கும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என நீண்டு செல்லும் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பு, திறந்த முற்றத்தின் வழியே வெயிலையும் காற்றையும் வீட்டின் நடுவுக்கு அழைத்துவருவது. முன்னோர் திறந்து வைத்த வழியைப் பின்வந்தோர் பொருள்களால் அடைத்துவிட்டனர் என்பதே அண்ணல் கண்ட குறையாகும்.

அண்ணலின் உருவத்தைத் திரையில் நிலைநிறுத்தியவரும் செட்டிநாட்டவரே. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார், உலகின் பல நாடுகளுக்கும் அலைந்து படச்சுருள்களைத் தேடித் தொகுத்து உருவாக்கிய காந்தி ஆவணப்படம் 1940 ஆகஸ்டில் வெளிவந்தது.

சேவாகிராமத்துச் சமையலறை

நந்தி மலைக்குப் பின்னும் இரத்த அழுத்தம் அவரை விட்டு அகலவில்லை. வேறு நோய்களும் வந்தன. 1929இல், இராஜமகேந்திரபுரத்து அன்பர் கோபாலராவ் காட்டிய வழியில், அடுப்பிலேற்றாத உணவை மட்டும் உண்ணும் சோதனையைத் தொடங்கினார். முளைவிட்ட கோதுமையும் பச்சைக் காய்களும் தேங்காயும் உணவாயின. முதலில் தெம்பு தருவதுபோல் தோன்றிய அச்சோதனை, சில திங்களில் உடலைத் தளர்த்திச் சீதபேதியில் கொண்டுவிட்டது. தொடங்கிய செய்தியைத் தம் இதழில் எழுதியவர், கைவிட்ட செய்தியையும் அதே இதழில் எழுதினார். தோல்வியை வெளியிடாத சோதனை சோதனையே அன்று என்பது அவர் கொள்கை.

1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம், உணவுச் சீர்திருத்தத்தை ஊர்ப் பொருளாதாரத்தோடு இணைத்தது. அதன் செயலாளராக விளங்கியவர் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா. ஆலையில் தீட்டிய வெள்ளரிசி தவிட்டின் சத்தை இழக்கிறது என்பதையும், கைக்குத்தலரிசி உண்பவருக்கு நலத்தையும் குத்துபவருக்குக் கூலியையும் தருகிறது என்பதையும் அவ்வியக்கம் நாடெங்கும் பரப்பியது. வெல்லம், செக்கெண்ணெய், பச்சைக்கீரை ஆகியன அண்ணலின் கட்டுரைப் பொருள்களாயின. சேவாகிராமத்தில் வேப்பிலையும் பூண்டும் உணவோடு பரிமாறப்பட்டன. பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியையும், தவிடு நீக்காத அரிசியின் பயனையும் அறிந்திருந்த செட்டிநாட்டு ஆச்சிமாருக்கு இக்கருத்துகள் முற்றிலும் புதியனவாக இருந்திரா.

இத்துணைக் கட்டுப்பாட்டிற்குப் பின்னும் நோய் தணிந்ததா என்பதே கேள்வி. அவருடைய 150ஆம் ஆண்டையொட்டி 2019இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கொண்டுவந்த வெளியீடு விடை தருகிறது. 165 செண்டிமீட்டர் உயரமும் 46.7 கிலோ எடையும் கொண்ட அம்மெலிந்த உடலில், 1937 அக்டோபர் 26இல் இரத்த அழுத்தம் 194/130ஆகவும், 1940 பிப்ரவரி 19இல் 220/110ஆகவும் இருந்துள்ளது. உப்பும் கொழுப்பும் குறைந்த உணவு, நாள்தோறும் நெடுநடை, மதுவும் புகையும் விலக்கிய வாழ்வு அனைத்தும் அமைந்தவரிடத்திலும் இந்நோய் குடிகொண்டது. நோயாளியின் ஒழுக்கக் குறைவே நோய்க்குக் காரணம் என்று எளிதாகத் தீர்ப்பளிப்போர் இந்த எண்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரத்த அழுத்தத்திற்கு அவர் கையாண்ட மூலிகை சர்ப்பகந்தி. அதன் சாற்றைத் துளித்துளியாக உட்கொண்டார். இம்மூலிகையின் வரலாறு இயற்கை மருத்துவத்தின் மீது அன்புடையார் அனைவரும் அறியத்தக்கது. 1931இல் இந்திய ஆய்வாளர்கள் அதன் வேரிலிருந்து வேதிப்பொருள்களைப் பிரித்தனர். அது இரத்த அழுத்தத்தைத் தணிப்பதையும் அதே ஆண்டில் எழுதினர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நோயாளிகளிடம் கண்ட பயனை ஆங்கில மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதிலிருந்து ரெசர்பின் என்னும் பொருளைத் தனித்தெடுத்தனர். அதன் பின்னரே அது உலகெங்கும் மருந்தாயிற்று. மிகையானால் மனச்சோர்வு முதலிய தீங்குகளைத் தரும் என்பதும் அவ்வாராய்ச்சியினாலேயே தெரியவந்தது. மூலிகைக்குள்ளும் வேதிப்பொருள் உண்டு. அதற்கும் அளவு உண்டு. அளவு தவறினால் கேடு உண்டு.

ஆகாகான் மாளிகை

1942 ஆகஸ்டில் கைதான அண்ணல், பூனா ஆகாகான் மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார். அம்மாதம் தொடங்கி டிசம்பருக்குள் உடல்நலம் பற்றிய சிறுநூலை அங்கு எழுதி முடித்தார். மண், நீர், வெளி, ஒளி, காற்று ஆகிய ஐம்பூதங்களும் மருந்தாகும் முறையை அதில் விளக்கினார். அந்நூல் எழுதப்பட்ட மாளிகையிலேயே அவர் வாழ்வின் பெருந்துயரம் நிகழ்ந்தது.

கஸ்தூரிபா அம்மையார் நாட்பட்ட மார்புச்சளியாலும் இதய நோயாலும் மெலிந்துவந்தார். மருத்துவர் சுசீலா நய்யாரும் கில்டரும் உடனிருந்து கவனித்தனர். பின்னர் இயற்கை மருத்துவர் தின்ஷா மேத்தாவும், வைத்தியர் சிவசர்மாவும் வர அரசு இசைந்தது. எம்முறையும் நோயை நிறுத்தவில்லை. 1944 பிப்ரவரியில், அன்று அரிதாயிருந்த பெனிசிலின் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் தருவிக்கப்பட்டது. இளைய மகன் தேவதாஸ் அதைச் செலுத்துமாறு வேண்டினார். சில மணிக்கொரு முறை ஊசி போடவேண்டும் என்றறிந்த அண்ணல், இறுதிப் படுக்கையில் இருப்பவரை இன்னும் வருத்தவேண்டா என்று மகனைத் தடுத்தார். அந்நிலையில் மருந்து பயன்தரும் என்னும் உறுதி மருத்துவருக்கும் இல்லை. பிப்ரவரி 22ஆம் நாள் மாலை, கணவர் மடியில் அம்மையாரின் உயிர் பிரிந்தது.

சில வாரங்களில் அண்ணலுக்கே மலேரியாக் காய்ச்சல் கண்டது. முதலில் பழச்சாறும் உண்ணாநிலையுமாக இருந்து பார்த்தார், காய்ச்சல் விடவில்லை. பின்னர் கொயினாவை ஏற்றார், காய்ச்சல் நீங்கிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து அவர்மீது குறைகூறுவோர் உளர். இறுதி நிலையை எட்டிய நோயும், தீர்க்கக்கூடிய காய்ச்சலும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும், ஊசி வேண்டுமா என்று முடிவு செய்தவர் நோயுற்ற அம்மையார் அல்லர் என்பதும் உண்மையே. தம் உடலின்மீது செய்யும் சோதனைக்கும், தம்மை நம்பியிருப்போர் உடலின்மீது செய்யும் சோதனைக்கும் இடையே உள்ள அறவேறுபாடு, பம்பாயில் மணிலாலின் படுக்கையருகில் அவரை வாட்டிய அதே கேள்விதான். அதற்கு முற்றமுடிந்த விடை அவர் வாழ்விலும் கிட்டவில்லை.

உருளிகாஞ்சன்

1945 நவம்பர் 18ஆம் நாள் பூனாவில், தின்ஷா மேத்தாவின் மருத்துவ நிலையத்தை ஏழைகளுக்கும் பயன்படுத்தும் நோக்கத்தோடு இயற்கை மருத்துவ அறக்கட்டளையின் ஆவணத்தில் அண்ணல் கையொப்பமிட்டார். அந்நாளே 2018 முதல் இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. ஆனால், நகரத்து நிலையம் ஏழைக்கு எட்டாது என்பதை அவர் விரைவில் உணர்ந்தார். 1946 மார்ச்சில், எழுபத்தாறாம் வயதில், பூனாவுக்கு அருகிலுள்ள உருளிகாஞ்சன் என்னும் சிற்றூருக்குச் சென்று சில நாள் தங்கினார். நோயாளிகளை நேரில் கண்டு, வெயிற்குளியல், இடுப்புக் குளியல், பழச்சாறு, மோர், இராமநாமம் என எழுதிக்கொடுத்தார். பின்னர் அப்பணியை மணிபாய் தேசாயிடம் ஒப்படைத்தார். அங்கு வேரூன்றிய ஆசிரமம் அவர் மறைந்த பின்னரும் தொடர்ந்து வளர்ந்தது.

ஏழையின் கைக்கு எட்டும் மருத்துவம் வேண்டும் என்பதே அவ்விறுதி முயற்சியின் உயிர்நாடி. மண்ணுக்கும் நீருக்கும் வெயிலுக்கும் விலையில்லை. மருத்துவமனையே இல்லாத பல்லாயிரம் சிற்றூர்களின் நாட்டில், தன் உடலைத் தானே அறிந்து பேணக் கற்பிப்பதும் விடுதலைப் பணியே என்று அவர் கருதினார். 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை, நடந்து சென்றுகொண்டிருந்த அவரைத் துப்பாக்கிக் குண்டுகளே வீழ்த்தின; நோய் வீழ்த்தவில்லை.

அண்ணல் விட்டுச்சென்ற பத்தியம்

இரத்த அழுத்தமும் நீரிழிவும் இல்லாத வீடு அரிதாகிவிட்ட காலம் இது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கசாயத்தை மட்டும் நம்புமாறு கூறுவோர் ஒருபுறம்; மாத்திரை இருக்கிறதே என்று நாவைக் கட்டாதோர் மறுபுறம். இருசாராரும் அண்ணலின் வாழ்விலிருந்து கற்கவேண்டியன உள.

உணவைக் குறைத்து, நடையைக் கூட்டி, காற்றுக்கும் வெயிலுக்கும் வழிவிட்டதால் அவர் பெற்ற நலம் பெரிது. தலைவலியையும் மலச்சிக்கலையும் அவ்வழியே வென்றார். ஆட்டுப்பால் இன்றி உடல் தேறாது என்று கண்டபோது பாலை ஏற்றார். குடல்வாலுக்குக் கத்தியையும், மலேரியாவுக்குக் கொயினாவையும் ஏற்றார். இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கவும் அவர் தயங்கவில்லை. வெற்றி கிட்டியபோது எதனால் கிட்டியது என்று ஐயுற்றார். தோல்வி கண்டபோது அதை ஊரறியச் சொன்னார். பிறர்மீது தம் உறுதியைச் சுமத்திய இடங்களில்தான் அவருடைய மருத்துவம் கண்ணீரை வரவழைத்தது.

உண்பவன் அளவறியவேண்டும், மருத்துவன் காரணமறியவேண்டும் என்று வள்ளுவர் வகுத்த இரண்டு கடமைகளையும் தம் ஒரே உடலில் நிறைவேற்ற முயன்றவர் காந்தியடிகள். அம்முயற்சியில் அவர் கண்ட அருமருந்து மண்ணோ மூலிகையோ அன்று. தன் உடல் சொல்வதை மறைக்காமல் கேட்கும் வாய்மையே ஆகும். அது வாய்த்தவர்க்குப் பத்தியமும் பயன்தரும், மருந்தும் பயன்தரும்.